துபாயில் கடைக்குப் போவது எப்படி: தேரா சூக்கிலிருந்து துபாய் மால் வரை ஒரு முழு வழிகாட்டி

துபாய்க்கு முதன்முறை வருகிறவர்களில் பலர் விமானம் இறங்கிய மறுநாளே பழைய நகரப் பகுதியான தேராவின் கோல்டு சூக்கில், அதாவது தங்கச் சந்தையில், நிற்கிறார்கள். சூக் என்பது அரபு மரபுச் சந்தை. சூக் என்றால் மலிவு, மால் என்றால் யானை விலை என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். ஒரு பொருள் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமல் பேரம் பேச நிற்பவருக்குச் சூக்கில் எதுவுமே மலிவில்லை. அதனால் வழக்கமான வரிசையை இங்கே மாற்றியிருக்கிறேன். முதலில் விலைச்சீட்டு ஒட்டிய ஹைப்பர்மார்க்கெட், அப்புறம் சூக், கடைசியில் மால். இந்த வரிசையில் போனால் சூக்கில் யார் என்ன விலை சொன்னாலும் தடுமாற மாட்டீர்கள்.

முதல் படி: நாளும் நேரமும் பார்த்தல்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நடந்து சுற்றலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 45 டிகிரியை எட்டும். அந்த மாதங்களில் பகலை மாலுக்கும் மாலையைச் சூக்குக்கும் ஒதுக்குங்கள். 1996இல் தொடங்கிய துபாய் ஷாப்பிங் திருவிழா டிசம்பர், ஜனவரியை ஒட்டி நடக்கும். கோடைத் தள்ளுபடி விழா 1998இலிருந்து நடக்கிறது. துணி, செருப்பு, கைப்பை வாங்க இரண்டுமே நல்ல காலம். தங்கத்தின் விலை திருவிழாவுக்காக இறங்காது. செய்கூலியில் சலுகையும் குலுக்கல் கூப்பனும் கிடைக்கும், அவ்வளவுதான்.

சூக் கடைகள் பெரும்பாலும் காலை பத்து மணி வாக்கில் திறந்து, மதியம் ஒரு மணிக்கு மூடி, மாலை நான்குக்கு மீண்டும் திறக்கும். இரவு பத்து வரை வியாபாரம் நடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாலையில்தான் உயிர் வரும். 2022இலிருந்து அரசு வார விடுமுறை சனியும் ஞாயிறும் ஆகிவிட்டது. ஆகவே மாலுக்குப் போவதென்றால் திங்கள் முதல் வியாழன் வரை, பகலில் போங்கள். ரமலானில் சூக் பகலெல்லாம் தூங்கி வழியும். நோன்பு திறந்த பிறகு நள்ளிரவு தாண்டியும் கூட்டம் இருக்கும். எனக்கு அந்த நேரத்துச் சூக்தான் பிடிக்கும்.

உடை விஷயத்தில் யாரும் அதட்ட மாட்டார்கள். ஆனால் தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும் என்று மால் வாசலிலேயே அறிவிப்பு வைத்திருப்பார்கள். சூக்கில் படம் எடுக்கும்போது பெண்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் படி: பணத்தைத் தயார் செய்தல்

இங்கத்துப் பணம் திர்ஹாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்ற விகிதம் 1997இலிருந்து மாறவில்லை. ஆகவே உங்கள் ரூபாய் டாலரிடம் என்ன பாடுபடுகிறதோ, திர்ஹாமிடமும் அதே பாடுதான். விமான நிலையத்தில் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மீதியைத் தேரா, பர்துபாய், கராமா பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் எக்ஸ்சேஞ்சுகளில் மாற்றலாம். பக்கத்துப் பக்கத்துக் கடையிலேயே விகிதம் வேறாக இருக்கும். பலகையைப் பார்த்துவிட்டு, கழிவு எதுவும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

கார்டு தேய்க்கும்போது, "ரூபாயில் கட்டுகிறீர்களா, திர்ஹாமிலா" என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு ஒரு பாசம் வரும். தொடாதீர்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் போடும். திர்ஹாமையே அழுத்துங்கள்.

சூக்கில் ரொக்கத்துக்குத்தான் மரியாதை. ஐந்து, பத்து, இருபது திர்ஹாம் நோட்டுகளும் ஒரு திர்ஹாம் காசுகள் சிலவும் கையில் இருக்கட்டும். நாற்பதுக்குப் பேரம் முடித்துவிட்டு ஐந்நூறு நோட்டை நீட்டினால், பேசிய பேரத்துக்கே அர்த்தமில்லாமல் போகும். அப்புறம் ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பைகளை 2024 ஜூனிலிருந்து துபாய் தடை செய்துவிட்டது.

மூன்றாம் படி: ஹைப்பர்மார்க்கெட்டில் விலை படித்தல்

லுலுவோ கேரஃபோரோ, தங்குமிடத்துக்கு எது பக்கமோ அதற்குள் போங்கள். குங்குமப்பூ ஒரு கிராம் என்ன விலை, பேரீச்சையில் அஜ்வா என்ன, மெட்ஜூல் என்ன, கலாஸ் என்ன, பிஸ்தா, பாதாம், ஏலக்காய் கிலோ என்ன என்று பார்த்து, விலைச்சீட்டைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் படத்தில் விழ வேண்டும். மறுநாள் சூக்கில் உங்கள் தராசு அதுதான்.

சில பொருள்களை இங்கேயே வாங்கி முடித்துவிடலாம். கோடாலித் தைலம், டைகர் பாம், டாங் ஜூஸ் பவுடர், நிடோ பால் பவுடர், சாக்லேட், சோப்பு என்று வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகும் பெட்டிக்கென்று ஒரு பரம்பரைப் பட்டியல் உண்டு. அவற்றுக்காகச் சூக்கில் தொண்டை வறளப் பேசுவது வீண் வேலை. ஹைப்பர்மார்க்கெட்டின் சலுகை வாரத்தில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

நான்காம் படி: கோல்டு சூக்

மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் கோல்டு சூக் நிலையத்திலோ அல் ராஸ் நிலையத்திலோ இறங்கினால் நடக்கும் தூரம்தான். மரக்கூரை போட்ட நடைபாதையின் இரண்டு பக்கமும் கண்ணாடிக்குப் பின்னால் மார்பை மூடும் அளவுக்கு அகலமான அரபு மணப்பெண் நகைகள் தொங்கும். உலகின் மிகப் பெரிய தங்க மோதிரம் என்று கின்னஸில் ஏறிய நஜ்மத் தய்பாவும் இங்கேதான் காட்சிக்கு இருக்கிறது. கற்களோடு சேர்த்து 64 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆள் உயர நகைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

இங்கே தங்கத்தின் விலையில் பேரம் கிடையாது. நகைக்கடைக்காரர்களின் குழுமம் அன்றன்றைய கிராம் விலையை அறிவிக்கும். ஒரே நாளில் சில முறை அது மாறவும் செய்யும். 24, 22, 21, 18 காரட்டுக்குத் தனித்தனியாகக் கடைப் பலகையில் ஓடும். சூக்கில் உள்ள சின்னக் கடைக்கும் மாலில் உள்ள பெரிய கடைக்கும் இந்த விலை ஒன்றுதான். நீங்கள் பேரம் பேச வேண்டியது செய்கூலியில். நம்மூர்ப் பில்லில் வருவதுபோல் சேதாரம் என்று தனியாக ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. எல்லாம் செய்கூலிக்குள் அடங்கிவிடும். கிராமுக்கு இத்தனை திர்ஹாம் என்றோ, தங்க மதிப்பில் இத்தனை சதவீதம் என்றோ சொல்வார்கள். சதவீதத்தில் சொன்னால் கிராமுக்கு எவ்வளவு வருகிறது என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

கடைக்குள் போனதும் நடப்பது இதுதான். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் வரும், சில கடையில் சுலைமானி என்கிற பாலில்லாத தேநீரும் வரும். நகையைத் தராசில் வைத்து, கால்குலேட்டரில் தட்டி, கடைசித் தொகையை மட்டும் உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து, "கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சினால் பேரம் அவர்கள் கையில்தான். ஒரு தாளில் நான்கு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எடை, அன்றைய விலை, செய்கூலி, வரி. எழுதிய பிறகு பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, இந்தச் செயினுக்குச் செய்கூலி எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"கிராமுக்கு முப்பது சார். உங்களுக்கு வேணும்னா இருபத்தஞ்சு."

"மெஷின் செயின்தானே. பதினஞ்சு போடுங்க, இப்பவே எடுத்துக்கிறேன்."

"பதினஞ்சு கட்டாது சார். பதினெட்டு. அதுக்குக் கீழே முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

கணக்குக்காக கிராம் 400 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம் செயினில் தங்கம் 4000. செய்கூலி முப்பது என்றால் 300, அதன் மேல் 5 சதவீத வாட் வரி 215, மொத்தம் 4515. செய்கூலி பதினெட்டு என்றால் 180, வரி 209, மொத்தம் 4389. ஐந்து நிமிடப் பேச்சுக்கு 126 திர்ஹாம் மிச்சம். பலகையில் ஓடும் தங்க விலையில் வாட் சேராது என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் கடைசியில் முகம் சுளிப்பவர்கள் நிறைய.

மெஷினில் செய்த செயின், வளையலுக்குச் செய்கூலி குறைவு. கைவேலைப்பாடு கூடக் கூட, கல் ஏற ஏறச் செய்கூலியும் ஏறும். கல் நகை என்றால் மொத்த எடையில் கல் எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பில்லில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் கல் நகை வாங்காதீர்கள். முத்திரையும் பாருங்கள்: 22 காரட்டுக்கு 916, 21க்கு 875, 18க்கு 750. அரபுகள் 21 காரட்டை அதிகம் விரும்புவார்கள். ஜன்னலில் உங்களுக்குப் பிடித்த நகை 21ஆக இருக்கலாம். 22 என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போனால், ஊர் நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

துபாயில் தங்கம் வாங்கினால் லாபமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் இந்தியா தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் பழைய இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது. நாணயம், கட்டி வாங்கி லாபம் பார்க்கும் கனவை விட்டுவிடலாம். ஊரில் சேதாரம் கடுமையாகப் போடும் வேலைப்பாட்டு நகைகளில்தான் இன்றும் வித்தியாசம் தெரிகிறது. கிளம்பும் முன் உங்கள் ஊர்க் கடையில் அதே மாதிரி நகைக்குச் சேதாரமும் செய்கூலியும் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

நடைபாதையில் ஒருவர் உங்கள் தோளோடு தோளாக நடந்து, "வாட்ச், பேக், காப்பி வாட்ச்" என்று முணுமுணுப்பார். பின்னால் போனால் மாடிப்படி ஏற்றி, கதவு சாத்திய அறைக்குள் கொண்டுபோவார்கள். போலிச் சரக்கு விற்பது இங்கே குற்றம். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஸ்பைஸ் சூக்கும் அத்தர் கடைகளும்

கோல்டு சூக்கிலிருந்து அல் ராஸ் பக்கம் நடந்தால் மூக்கே வழி காட்டிவிடும். சந்தின் இரு பக்கமும் வாய் விரித்த சாக்குகள். காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, பட்டை, சுமாக், அவுரிப்பொடி, பால் நிறத்துக் குந்திரிக்கம். கடை வைத்திருப்பவர்களில் ஈரானியர்கள் நிறைய. நிற்கிற பையன்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததும் முதலில் ஹிந்தி, அப்புறம் மலையாளம், பதில் வந்ததும் தமிழ் என்று மாறிக்கொண்டே வருவார்கள். தேராவில் கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்களும் காலங்காலமாக இருக்கிறார்கள். "ஊர் எது?" என்று கேட்டால் சில சமயம் பேரமே தேவைப்படாது. சில சமயம் அந்தப் பாசத்துக்கும் சேர்த்து விலை சொல்லிவிடுவார்கள், கவனம்.

குங்குமப்பூவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாக்கில் குவித்து, அள்ளி அள்ளிக் காட்டுகிற சிவப்பு இதழ்கள் குங்குமப்பூ அல்ல, குசும்பாப்பூ. நிறம் தரும், மணம் தராது. அசலைச் சின்னக் கண்ணாடி டப்பியில், கிராம் கணக்கில் விற்பார்கள். ஈரானியச் சரக்கில் நெகின், சர்கோல் இரண்டும் மேல் ரகம். இழை முழுக்கச் சிவப்பாக இருக்கும், மஞ்சள் காம்பு இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு இழை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அசல் என்றால் தண்ணீர் மெதுவாகப் பொன்மஞ்சளாக மாறும், இழை சிவப்பாகவே கிடக்கும். போட்டவுடனே சிவப்புச் சாயம் கரைந்து இழை வெளுத்தால் டப்பியைத் திருப்பிக் கொடுங்கள். நாக்கில் வைத்தால் மணம் தேன் போலவும் சுவை லேசாகக் கசப்பாகவும் இருக்க வேண்டும். இனித்தால் ஏதோ தடவியிருக்கிறார்கள்.

ஒரு தந்திரத்தைச் சொல்லிவைக்கிறேன். விலை கேட்டதும், "இருபதுதான் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே பையில் அள்ளிப் போட ஆரம்பிப்பார்கள். நீங்கள் கிலோ இருபது என்று நினைப்பீர்கள். தராசில் ஏறிய பிறகுதான் அது நூறு கிராம் விலை என்று தெரியும். கட்டி முடித்த பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் அவர் வியாபாரம் நடக்கிறது. அள்ளும் கையைத் தடுத்து, "எத்தனை கிராமுக்கு?" என்று முதலில் கேளுங்கள். டப்பியோடு எடை போட்டால் டப்பி எடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பேரத்துக்கு ஒரு வரைமுறை உண்டு. அவர் சொன்ன விலையில் பாதியில் தொடங்குங்கள். அறுபது, எழுபது சதவீதத்தில் முடிந்தால் நியாயம். ஹைப்பர்மார்க்கெட்டில் எடுத்த படத்தைக் காட்டலாம். காட்டியும் இறங்கவில்லையென்றால் சிரித்துக்கொண்டே, "சுக்ரன்" (அரபியில் நன்றி) சொல்லிவிட்டு நகருங்கள். நாலு கடை தள்ளிப் போவதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லையென்றால் அவர் சொன்னதுதான் கடைசி விலை என்று அர்த்தம். திரும்பிப் போய் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் ஒரு விலை கேட்டு, அவர் ஒத்துக்கொண்ட பிறகு நழுவாதீர்கள். சூக்கில் அதை அவமரியாதையாகப் பார்ப்பார்கள்.

குந்திரிக்கத்தில் ஓமானின் தோஃபார் பகுதியிலிருந்து வரும் ஹோஜரி உயர்ந்தது. வெளிறிய பச்சை கலந்த, ஒளி ஊடுருவும் கட்டியாகப் பொறுக்கி எடுங்கள். பழுப்பும் தூளும் மலிவு ரகம். அகில் கட்டையை இங்கே ஊத் என்பார்கள். பக்கூர் என்பது வாசனைத் தைலத்தில் ஊறவைத்த துண்டுகள், அகில் கட்டையைவிட மிக மலிவு. இரண்டையும் கலந்து பேசி, பக்கூரை ஊத் விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். அத்தரைத் தோலா கணக்கில், கிட்டத்தட்ட 12 மில்லி குப்பியில் விற்பார்கள். மணிக்கட்டில் தடவிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள். மூன்றுக்கு மேல் தடவினால் மூக்குக் குழம்பிவிடும்.

பேரீச்சைக்கு ஸ்பைஸ் சூக்கைவிடத் தேரா வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட் நல்லது. பழைய மீன் சந்தைக்கு மாற்றாக 2017இல் திறந்தது. சுவைத்துப் பார்த்து வாங்கலாம், மீனும் இறைச்சியும் அங்கேயே உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ருத்தப் என்கிற பாதி பழுத்த பேரீச்சையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்று மறக்காதீர்கள். மசாலாக் கடைதானே என்று கசகசா கேட்டுவிடாதீர்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தடைசெய்த பொருள். ஊரிலிருந்து குருமாப் பொடியில் கலந்துகூட எடுத்து வரக்கூடாது.

ஆறாம் படி: அப்ராவில் அக்கரைக்கு

ஸ்பைஸ் சூக்கின் முன்னாலேயே படகுத்துறை. ஒரு திர்ஹாம் காசைப் படகோட்டியிடம் கொடுத்தால் அப்ரா என்கிற மரப்படகு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் க்ரீக் என்கிற கடற்கழியைக் கடந்து பர்துபாயில் இறக்கிவிடும். துபாயில் இதைவிட மலிவான சுகம் கிடையாது.

இறங்கியதும் டெக்ஸ்டைல் சூக். இங்கே சால்வை வியாபாரிகள் கேட்காமலே உங்கள் கழுத்தில் ஒன்றைச் சுற்றிவிடுவார்கள், தலையில் தொப்பி வைப்பார்கள். கோபப்படாமல் கழற்றிக் கொடுங்கள். பஷ்மினா என்று சொல்லி முப்பது, நாற்பது திர்ஹாமுக்குத் தருவது செயற்கை இழைதான். அழகாக இருந்தால் அந்த விலைக்கு வாங்குங்கள், பஷ்மினா என்று நம்பி முந்நூறு கொடுக்காதீர்கள். சேலை, சுடிதார்த் துணிக்குப் பக்கத்திலுள்ள மீனா பஜார் நல்லது. தையல்காரர்களும் அங்கேயே இருக்கிறார்கள். தைக்கக் கொடுப்பதென்றால் வந்த முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்து, ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். அபாயா வாங்குகிறவர்கள் தேராவின் நாய்ஃப் சூக்கைப் பார்க்கலாம்.

ஏழாம் படி: மால்கள்

2008இல் திறந்த துபாய் மாலில் 1200க்கும் மேற்பட்ட கடைகள். சிவப்பு வழித்தடத்தில் புர்ஜ் கலீஃபா நிலையத்தில் இறங்கிய பிறகும் மாலை அடைய மூடிய பாலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நடை இருக்கிறது. மூட்டு வலிக்காரர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். மீன் காட்சித் தொட்டியின் முன்பக்கத்தைக் காசு கொடுக்காமலே நின்று பார்க்கலாம். நீரூற்று, கூட்டம், படம் எடுத்தல் எல்லாம் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும். வாங்குவதற்கென்று போனால் நான் துபாய் மாலைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பிராண்டட் துணியும் செருப்பும் வாங்க 1995இலிருந்து இருக்கும் தேரா சிட்டி சென்டர் போதும். மெட்ரோ வாசலிலேயே நிற்கும், நடையும் குறைவு. உள்ளே பனிச்சறுக்கு மைதானம் வைத்திருக்கும் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் 2005இல் வந்தது. அதே ஆண்டில் வந்த இப்னு பதூதா மாலில் ஆறு பகுதிகளும் ஆண்டலூசியா, துனீசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா என்று ஆறு நாட்டுக் கட்டடக்கலையில் இருக்கும். பாரசீகப் பகுதியின் குவிமாடத்துக்காகவே ஒருமுறை போகலாம். பழைய சீசன் சரக்கு, தள்ளுபடி விலை என்றால் அல் ஐன் சாலையில் உள்ள அவுட்லெட் மால். நேரம் இருந்தால் மட்டும்.

மாலில் விலைச்சீட்டில் உள்ளதுதான் விலை, வாட் உள்பட. பேரம் பேசினால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மட்டும், "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, உறையோ சார்ஜரோ சேர்த்துத் தருவீர்களா" என்று கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. செல்பேசி, மடிக்கணினி வாங்கும்போது கியாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே பிளக் தடித்த சதுர மூன்று முள், நம் வீட்டுச் சுவரில் நுழையாது. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் வசதிதான் மாலின் உண்மையான லாபம். எத்தனை நாளுக்குள், பணமா மாற்றுப் பொருளா என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும். சீட்டைக் கிழிக்காமல் வைத்திருங்கள். அளவு தெரியாமல் ஊரில் உள்ளவர்களுக்கு வாங்கும் துணி, செருப்புக்கெல்லாம் சூக்கைவிட மால்தான் சரி.

மற்ற இடங்கள், சுருக்கமாக

சீனப் பொருள் எதுவானாலும் இன்டர்நேஷனல் சிட்டியில் உள்ள டிராகன் மார்ட். 2004இல் திறந்த நீண்ட கட்டடம், ஒரு நாள் போனாலும் முடியாது. விளக்கு, சமையலறைச் சாமான், பொம்மை எல்லாம் உண்டு, பேரமும் உண்டு. கராமாவில் சாப்பாடு நன்றாக இருக்கும், நம்மூர் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. மதீனத் ஜுமேராவின் சூக் பழைய சூக் மாதிரி கட்டிய புதிய இடம். காற்றுவாங்க நல்லது, விலை சுற்றுலாக்காரர்களுக்கானது.

எட்டாம் படி: வாட் வரியைத் திரும்ப வாங்குதல்

அமீரகத்தில் 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு அதே ஆண்டு நவம்பரில் வந்தது. பிளானெட் என்ற நிறுவனம் நடத்துகிறது. அமீரகத்தில் குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. திட்டத்தில் சேர்ந்த கடையில், குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்க வேண்டும். பணம் கட்டும் முன்பே, "டாக்ஸ் ஃப்ரீ வேண்டும்" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். பில் போட்ட பிறகு ஞாபகம் வந்து திரும்பி ஓடுகிறவர்களைக் கவுன்டரில் அடிக்கடி பார்க்கலாம்.

கட்டிய வரியில் 85 சதவீதம் வரும், ஒவ்வொரு பில்லுக்கும் 4.80 திர்ஹாம் கழிப்பார்கள். மேலே சொன்ன செயினுக்கு 209 திர்ஹாம் வரி கட்டினீர்கள் அல்லவா, கைக்கு வருவது 172.85. வாங்கிய 90 நாளுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். சூக்கின் சின்ன மசாலாக் கடைகள் இந்தத் திட்டத்தில் இருக்காது. கோல்டு சூக்கின் பெரிய கடைகளில் பல இருக்கும், கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: பெட்டி கட்டுதலும் விமான நிலையமும்

அத்தரும் 100 மில்லிக்கு மேற்பட்ட செண்டும் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும், துணியில் சுற்றி. பக்கூர் எரிக்க விற்கும், தானே பற்றிக்கொள்ளும் கரித்துண்டுகளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பக்கூர் மட்டும் வாங்குங்கள், கரி ஊரில் கிடைக்கும். எல்.இ.டி. டிவி மலிவாகத் தெரிந்தாலும் தூக்கிக்கொண்டு போக ஆசைப்படாதீர்கள். இந்தியாவில் 2013இலிருந்து அதற்கு வரிவிலக்கு கிடையாது, சுங்கத்தில் கட்டுவது மிச்சத்தை முழுங்கிவிடும்.

தங்க நகை விஷயத்தில், வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பும் இந்தியர்களுக்குத்தான் சலுகை. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம், நகையாக மட்டும். கட்டிக்கும் நாணயத்துக்கும் இது பொருந்தாது. ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. விதிகளும் வரி விகிதமும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் இந்தியச் சுங்கத்துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். இலங்கைக்குப் போகிறவர்கள் அந்நாட்டு விதியைப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு.

விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். முதலில் பிளானெட் கவுன்டர், அப்புறம்தான் செக்-இன். பொருளைத் திறந்து காட்டச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் போய் நின்றால் திரும்பக் கிடைக்காது, பணமும் வராது. நகையும் பில்லும் கைப்பையில் இருக்கட்டும். ஊரில் இறங்கியதும் வரம்புக்கு மேல் இருக்கிறது என்றால் சுங்கச் சோதனையில் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி வரியைக் கட்டிவிடுங்கள்.